மாடியில்லாத ஊரில் லிஃப்டுக்காரன்

அந்தப் பகுதியில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் முதலில் எழுகிற சத்தம் ஒன்றுதான்: "லிஃப்டுக்காரரக் கூப்பிடு!" தீயணைப்பு வண்டியைக் கூப்பிடலாம், கட்டடம் கட்டினவனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை திட்டலாம், கடவுளைக்கூடக் கூப்பிடலாம். யாரும் கூப்பிட மாட்டார்கள். அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவனும் சாப்பிட்ட கையைக் கழுவியும் கழுவாமலும் ஓடிப்போய், உள்ளே மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் கதவுக்கு வெளியே நின்றபடி, "நான் வந்துட்டேன்ல, இனிமே என்ன பயம்? உக்காந்து கதை பேசிட்டு இருங்க" என்பான். அவ்வளவுதான், உள்ளே அலறல் அடங்கிவிடும். சும்மா சொல்லக் கூடாது, அது ஒரு குரல்தான். லிஃப்ட் சரியாவதற்கு முன்னாலேயே ஆட்கள் சரியாகிவிடுவார்கள்.

இப்பேர்ப்பட்ட ஆளுக்கு மனைவி என்பதால் அவளை எல்லோரும் "லிஃப்டுக்காரர் வீட்டம்மா" என்றே கூப்பிட்டார்கள். அவள் டாக்டர் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த பாதியும், "மாட்டு டாக்டராமே?" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். மாட்டு டாக்டர் என்பதும் பேச்சுக்குத்தான். படித்தது என்னவோ மாடும் எருமையும். பார்க்கிற வேலையோ, கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கிளினிக்கில் பூனைக்கு நகம் வெட்டுவது. அதையும் விட்டால், "எங்க செல்லம் ரெண்டு நாளா என் முகத்தையே பாக்க மாட்டேங்குது டாக்டர்" என்று கண்ணைக் கசக்குகிற நாய்க்காரர்களுக்கு ஆறுதல் சொல்வது. நாய்க்கு ஒன்றும் இருக்காது. எஜமானர் முகத்தை நானே பார்க்க மாட்டேன், நாய் எப்படிப் பார்க்கும் என்று வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரிப்பாள். ஆனால் சிரித்து முடித்த பிறகு சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள். அதை அவன் கவனித்ததுண்டு. கவனித்து, காபி போட்டுக் கொடுத்ததோடு சரி.

அப்படியிருக்க ஒருநாள் அவளுக்குப் போன் வந்தது. நகரத்தைத் தாண்டி, அதற்கடுத்த சிற்றூரையும் தாண்டி, வயலும் மேடுமாகக் கிடக்கிற ஓர் இடத்தில் கால்நடை ஆஸ்பத்திரி. டாக்டர் இல்லாமல் பூட்டிக் கிடக்கிறது. வீடும் கொடுக்கிறார்கள். வருகிறாயா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும். வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

"நிஜ மாடுங்க," என்றாள் அவள். கண்ணெல்லாம் பளபளவென்று இருந்தது. "ஆடு, எருமை எல்லாம் இருக்கு. சுத்துப்பட்டு கிராமத்துக்கெல்லாம் நான் ஒருத்திதான் டாக்டர்."

"அங்க லிஃப்ட் இருக்கா?"

"மாடியே இல்லைங்க."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் விஷயம் விளையாட்டில்லை என்று அவனுக்கு உறைத்தது. உறைத்ததும் வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லிவிட்டான்: "அதெல்லாம் ஆகாது."

ஏன் ஆகாது என்பதற்கும் கையோடு காரணங்கள் வைத்திருந்தான். பெரியவளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது? கைக்குழந்தைக்கு ஜுரம் வந்தால் எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது? எல்லாவற்றுக்கும் மேலாக, மாடியில்லாத ஊரில் லிஃப்டுக்காரன் என்ன செய்வான், கோலி ஆடுவானா?

"பள்ளிக்கூடம் நடக்கற தூரத்துல இருக்கு. கொழந்தைங்க டாக்டர் அடுத்த ஊர்ல இருக்காங்க, விசாரிச்சுட்டேன்," என்றாள். "உங்க வேலைக்குத்தான் எங்கிட்ட பதில் இல்ல."

பதில் இல்லை என்று அவள் ஒப்புக்கொண்டதுதான் அவனுக்கு ஆத்திரமாக வந்தது. ஏதாவது ஒரு நொண்டிச் சாக்குச் சொல்லியிருந்தால் பிடி பிடியென்று பிடித்திருப்பான். உண்மையைச் சொல்லுகிறவளிடம் எங்கே சண்டை போடுவது?

"நீங்க வேணாம்னா வேணாம்," என்றாள் அவள். "மறுபடி கேக்க மாட்டேன், அழ மாட்டேன், மூஞ்சியத் தூக்கி வச்சுக்க மாட்டேன், அப்புறம் ஒரு நாளும் சொல்லிக் காட்ட மாட்டேன். ஆனா ஒரு தடவ வந்து பாத்துட்டு வேணாம்னு சொல்லுங்க. பாக்காம கால் வைக்கக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்கல்ல? பாக்காம கால இழுத்துக்கறது மட்டும் என்ன நியாயம்?"

வசமாக மாட்டிக்கொண்டான். அவன் தொழிலிலேயே கொண்டுவந்து மடக்கிவிட்டாள்.

அந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. மாடியில் லிஃப்ட் கதவைத் திறந்தால் ஆள் ஏறுகிற கேபின் அங்கே வந்து நிற்கிறது என்று அர்த்தமில்லை. ரிப்பேர் நேரத்தில் கதவு இங்கே திறக்கும், கேபின் எங்கேயோ தொங்கும், நடுவில் வெறும் பள்ளம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அதனால் முன்னால் நிற்கிறவன் எட்டிப் பார்த்து, காலடியில் தரை இருக்கிறதா என்று கண்ணால் கண்டு, "வந்தாச்சு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் பின்னால் இருப்பவன் காலை எடுத்து வைப்பான். சொல்லாமல் எவனாவது கால் வைத்தால் அன்றோடு அவனுக்கு வேலை கிடையாது. விளையாட்டுக்குக்கூட அந்த வார்த்தையை லிஃப்டுக்காரன் பொய்யாகச் சொன்னதில்லை. கூடத் தொழில் செய்கிற மச்சானும் சொன்னதில்லை, மச்சான் மற்ற எல்லாவற்றிலும் பொய் சொல்லுவார்.

இந்தச் சட்டம் எப்படியோ வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. பெரியவளுக்கு நாலு வயது, வீட்டில் பெயர் வாண்டு. அவள் நடக்கப் பழகிய நாளிலிருந்து, லிஃப்ட் கதவு திறந்ததும் அப்பா எட்டிப் பார்த்து "வந்தாச்சு" என்று சொன்னால்தான் உள்ளே போவாள். நல்ல பழக்கம்தானே என்று விட்டதில், யாரும் சொல்லாவிட்டால் நகரவே மாட்டாள் என்கிற அளவுக்கு முற்றிப்போயிற்று. லிஃப்டுக்குள் ஏழெட்டுப் பேர் அவசரத்தில் நிற்பார்கள். கண்ணெதிரே ஆட்கள் நிற்கிறார்கள், தரை இல்லாமல் எப்படி நிற்பார்கள் என்று பெரியவர்கள் நியாயம் பேசுவார்கள். வாண்டு அசையாது. கடைசியில் யாராவது கோட்டு போட்ட பெரிய மனிதர் அசடு வழிய, "வந்தாச்சும்மா, வந்தாச்சு" என்று சொல்லுவார். அதற்குப் பிறகுதான் மகாராணி வலது காலை எடுத்து வைப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த ஊரைப் பார்த்து வரப் புறப்பட்டார்கள். "கீழ போறோமா?" என்று குதித்தாள் வாண்டு. வீட்டை விட்டு எங்கே போவதென்றாலும் அவளுக்கு அது கீழேதான். கடைக்குப் போவதும் கீழே, கடற்கரைக்குப் போவதும் கீழே. குதித்த மறுகணமே அடியிலிருந்து டொக் டொக் என்று சத்தம் வந்தது. கீழ்வீட்டில் ஒரு ரிடையர்டு வாத்தியார். மேலே குழந்தை குதித்தால் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுவார். இந்த விஷயத்தில் மட்டும் மனிதருக்கு அசதியே கிடையாது. வாண்டு உடனே உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, நுனிக்காலில் நடந்து கதவு வரைக்கும் போனாள். அவள் வீட்டுக்குள் நடப்பதே அப்படித்தான். அதற்கு வீட்டில் பூனை நடை என்று பெயர் வைத்திருந்தார்கள். வேடிக்கையாகத்தான் வைத்தார்கள்.

மச்சான் கீழே வேனோடு காத்திருந்தார். மனைவிக்கு அண்ணன், அவனுக்குத் தொழில் கூட்டாளி. வாரா வாரம் சாமான் இறக்கி வைக்கச் சோம்பல்பட்டு, கயிறு, சங்கிலி, பாரம் தூக்குகிற செயின் பிளாக் எல்லாம் பின்னால் அப்படியே கிடந்தன. அவற்றோடு சேர்த்துத் தங்கை குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டார்.

"வா மாப்ளே," என்றார், பல்லெல்லாம் தெரிய. "அங்க போயி தென்ன மரத்துக்கெல்லாம் லிஃப்ட் போட்டுக் குடுத்துடு. ஏறி எறங்க சௌகரியமா இருக்கும்."

"நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க மச்சான்."

"கோழிக்கு ஒண்ணு வையி. அதுவும் எவ்வளவு நாள்தான் கூரைக்குப் பறக்கும்?"

"அண்ணா, சும்மா வர மாட்டே?" என்றாள் அவள், குழந்தையை மடியில் தட்டிக்கொண்டே.

வழி நெடுக மச்சான் விடவில்லை. அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். போகிறோம், பார்க்கிறோம், அழகாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்புகிறோம் என்று அவன் முடிவு கட்டியிருந்தான். "பாத்துட்டேன்மா, சரிப்படாது" என்பதுதான் அந்த வார்த்தை. எங்கே நின்று, எந்தக் குரலில் சொல்ல வேண்டும் என்பதுகூட மனசில் தயாராக இருந்தது.

ஆஸ்பத்திரி என்றால் இரண்டு அறை, ஒரு தகரக் கொட்டகை, மாட்டைக் கட்டி நிறுத்த ஓர் இரும்புச் சட்டம். பின்பக்கம் ஒட்டினாற்போல் வீடு. சுவரில் பாசி பிடித்திருந்தது. ஈ மொய்த்தது. போனில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. சரிப்படாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று அவனுக்குத் திருப்தியாகவே இருந்தது. சாவிக் கொத்தோடு ஒல்லியாக ஓர் உதவியாளர் ஓடி வந்தார். நேராக வந்தவர், முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்ற அவனைச் சுற்றிக்கொண்டு போய், "வாங்க டாக்டரம்மா, வாங்க. எத்தன மாசமாச்சு இந்தப் பூட்ட தொறந்து!" என்றார். அப்புறம்தான் திரும்பினார். "நீங்க டாக்டரம்மா வீட்டுக்காரரா?"

மச்சானுக்குப் புரையேறிவிட்டது. லிஃப்டுக்காரனை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "ஆமா" என்று சொல்வதற்குள் எச்சிலை ஒரு தடவை விழுங்க வேண்டியிருந்தது.

வீட்டைத் திறந்து காட்டினார் உதவியாளர். இரண்டு அறையும் ஒரு சமையலறையும், காலியாக. வாண்டு நுனிக்காலில் உள்ளே போனாள், நுனிக்காலில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"யாருமில்லாத வீட்ல எதுக்குடி பூனை நடை?" என்றாள் அம்மா.

"கீழ் வீட்டுத் தாத்தா தட்டுவாரு."

"இங்க கீழ வீடே கிடையாதுடி. மண்ணுதான் இருக்கு."

வாண்டு யோசித்தது. "மண்ணு தட்டாதா?"

அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் ஒரே கூச்சல். பக்கத்து மேட்டிலிருந்து பால்காரம்மா ஒருத்தி தலைகால் புரியாமல் ஓடி வந்திருந்தாள். "டாக்டர் வந்திருக்காங்களாமே! நெசமா? நேத்து கன்னு போட்ட மாடு, காலையிலேருந்து எந்திரிக்கவே மாட்டேங்குதும்மா. படுத்த படுக்கையா கெடக்கு. அது போச்சுன்னா என் குடும்பமே போச்சு!"

அவன் மனைவி குழந்தையைத் தூக்கி அண்ணன் கையில் கொடுத்தாள். வந்தது வேடிக்கை பார்க்கத்தான், வேலையில் சேரவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்றெல்லாம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அலமாரியத் தொறங்க," என்று உதவியாளரிடம் சொல்லிவிட்டு முடியை முடிந்துகொண்டாள்.

மேட்டில், பால்காரம்மா வீட்டுக் கொட்டகையில் மாடு கிடந்தது. கழுத்தை மடித்துத் தலையை விலாவில் வைத்துக்கொண்டு, கண் சொருகிப் போய்க் கிடந்தது. கன்றுக்குட்டி ஓரமாக நின்று கத்தியது. சுற்றிலும் கூட்டம், ஆளுக்கொரு யோசனை. கூட்டத்தைப் பார்த்ததும் லிஃப்டுக்காரனுக்கு உடம்பில் தெம்பு வந்துவிட்டது. கனமான ஒன்று தரையில் கிடக்கிறது, அதைத் தூக்க வேண்டும். இதற்குத்தானே அவன் பிறந்ததே!

"நகருங்க, நகருங்க! பாரம் தூக்கறது என் தொழில். மச்சான், செயின் பிளாக்க எடுத்துட்டு வாங்க! யாருகிட்டயாவது நீளமா மூணு கழி இருக்கா? அகலமான பெல்ட் ரெண்டு வேணும். கொழந்தைங்கள்லாம் தள்ளி நில்லுங்க."

அடேயப்பா, என்ன வேகம்! கழி வந்தது, கயிறு வந்தது. மூன்று கழிகளின் தலையைச் சேர்த்து இறுக்கி, முக்காலிபோல் மாட்டுக்கு மேலே நிறுத்தினான். ஊரே அவன் சொன்ன பக்கம் ஓடியது. லிஃப்டுக்காரன் யார் என்று இப்போது தெரியும் இவர்களுக்கு என்று உள்ளுக்குள் ஒரு குதூகலம். வயிற்றுக்கு அடியில் பெல்ட்டை நுழைக்கும்போது மனைவியைப் பார்த்து, "இதோ ஆச்சும்மா, தூக்கி நிறுத்திடறேன்" என்றான்.

"கட்டுங்க, கட்டுங்க," என்றாள் அவள், அவனைப் பார்க்காமலே.

அவள் சாணியில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். மாட்டின் காதைத் தொட்டுப் பார்த்தாள், மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். "காதெல்லாம் ஜில்லுனு இருக்கு. ஒண்ணுமில்லம்மா, கன்னு போட்டு ஒரேயடியா பால் எறங்கினதுல ஒடம்புல இருந்த சுண்ணாம்புச் சத்தெல்லாம் போயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே கழுத்து நரம்பில் ஊசியை ஏற்றி, மருந்து பாட்டிலைக் கையில் உயர்த்திப் பிடித்தாள். மற்றொரு கையால் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டின் நெஞ்சில் வைத்துக் காதில் கேட்டுக்கொண்டிருந்தாள். மருந்தை வேகமாக விட்டால் இதயம் நின்றுவிடும். மெதுவாக விட வேண்டும், கேட்டுக்கொண்டே விட வேண்டும்.

பால்காரம்மா அழ ஆரம்பித்தாள். "பொழைக்குமாம்மா? சொல்லிடுங்கம்மா!"

"நான் வந்துட்டேன்ல," என்றாள் அவன் மனைவி. "இனிமே என்ன பயம்? உக்காந்து கன்னுக்குட்டியப் புடிச்சுக்கங்க."

அழுகை சட்டென்று நின்றது.

பெல்ட்டைக் கட்டிக்கொண்டிருந்த லிஃப்டுக்காரனின் கை அப்படியே நின்றுவிட்டது. அந்தக் குரல் அவனுக்குத் தெரியும். அது அவனுடையது. இத்தனை வருஷமாகப் பூட்டிய கதவுகளுக்கு வெளியே நின்று அவன் பேசுகிற குரல். அது இவளிடமும் இருந்திருக்கிறது. இத்தனை நாளும் இதை வைத்துக்கொண்டுதான் இவள் பூனைக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாளா?

மாட்டுக்கு முதலில் உடம்பெல்லாம் நடுக்கம் கண்டது. அப்புறம் பெரிதாக ஓர் ஏப்பம் விட்டது. பிறகு சாணி போட்டது. கூட்டம் "ஆ" என்றது. மாடு முன்காலை ஊன்றியது, பின்பக்கத்தைத் தூக்கியது, யாரும் ஒரு விரல் வைக்காமல் தானே எழுந்து நின்றது! எழுந்த வேகத்தில் மூன்று கழியும் மடமடவென்று சரிந்தன. அடியில் குந்தியிருந்த லிஃப்டுக்காரன் பெல்ட்டும் கையுமாகப் பின்பக்கமாக விழுந்து, சாணியில் சௌகரியமாக உட்கார்ந்தான்.

ஊரே சிரித்தது. "யாருப்பா அது?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்க, "டாக்டரம்மா வீட்டுக்காரரு" என்று நாலைந்து பேர் ஒன்றாகப் பதில் சொன்னார்கள்.

அவனும் சிரித்தான். சிரிக்காமல் என்ன செய்வது? சிரித்துக்கொண்டே அவளைப் பார்த்தான். அவள் முழங்கையெல்லாம் சாணியும் மருந்துமாக நின்றுகொண்டு மாட்டின் கழுத்தைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆகி இத்தனை நாளில் அவ்வளவு சந்தோஷமாக அவளை அவன் பார்த்ததில்லை. கல்யாணத்தன்றுகூட இல்லை, இருந்தால் அது அவனுக்குக் கௌரவமாக இருந்திருக்கும். பெருமையாக இருந்தது. கூடவே பொறாமையும் வந்தது.  காபி போட்டுக் கொடுத்ததோடு சரி என்று இருந்துவிட்டோமே என்று நினைத்துக்கொண்டான்.

திரும்பி நடக்கும்போது மச்சான் கிண்டல் செய்யவில்லை. அதுவே பெரிய அதிசயம். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர், "ஏன் மாப்ளே, நீ இங்க வந்துட்டா அங்க மாட்டிக்கறவங்ககிட்ட யாரு பேசறது? நான் பேசினா இன்னும் ஜாஸ்தியா அலறுவாங்கப்பா" என்றார்.

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே மச்சான்."

"வாயால சொல்லல. மூஞ்சி சொல்லுதே."

"இங்க நான் என்ன பண்ணுவேன்? அதச் சொல்லுங்க மொதல்ல."

மச்சான் சுற்றுமுற்றும் பார்த்தார். தூரத்தில் எங்கேயோ தண்ணீர் மோட்டார் ஒன்று உடைந்த தொண்டையில் இருமிக்கொண்டிருந்தது. "எனக்குத் தெரியல," என்றார் உண்மையாக.

அவனுக்கும் தெரியவில்லை. ஆனால் அந்த மோட்டாரின் பேரிங் போயிருக்கிறது என்பது காதில் விழுந்ததுமே தெரிந்தது. அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியுமா என்றால், ஒரு மோட்டாரை வைத்து முடியாது. வாரத்தில் சில நாள் நகரத்துக்குப் போய்வர வேண்டியிருக்கும். பஸ்ஸில் தூங்கி வழிய வேண்டியிருக்கும். ஊரில் எல்லோரும் வீட்டுக்காரரு, வீட்டுக்காரரு என்றுதான் கூப்பிடுவார்கள், கொஞ்ச நாளைக்கு அது சுருக்கென்று குத்தவும் செய்யும். குத்தட்டுமே! அவளை எத்தனை வருஷம் லிஃப்டுக்காரர் வீட்டம்மா என்று கூப்பிட்டார்கள், அவள் என்ன குறைந்தா போய்விட்டாள்? கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்காருகிற ஆளா நான் என்று தன்னையே ஒரு அதட்டு அதட்டிக்கொண்டான்.

சரி, மனசுக்குள் இவ்வளவும் பேசியாயிற்று. வாய் திறந்து சொல்ல வேண்டுமே? அதுதான் வரவில்லை. எங்கே நின்று, எந்தக் குரலில் சொல்ல வேண்டும் என்று தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் வேறு வார்த்தைக்கு.

வீட்டின் பின்பக்கம் ஒரு குழாய். அவள் அங்கே முதுகைக் காட்டிக்கொண்டு கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கை எப்போதோ சுத்தமாகியிருக்கும். ஆனாலும் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்க மாட்டேன் என்று சொன்னவள், கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் முகம் கேட்டுவிடும் என்று திரும்பவும் இல்லை. வாக்குக் கொடுத்தால் அப்படிக் காப்பாற்றுகிறவள். உதவியாளர் சாவிக் கொத்தை வைத்துக்கொண்டு பூட்டுவதா வேண்டாமா என்று தயங்கி நின்றார்.

அவன் சட்டையிலிருந்த சாணியைத் தட்டிக்கொண்டு சமையலறைக்குள் வந்தான். பின்கதவு விரியத் திறந்து கிடந்தது. வாசல்படியில் வாண்டு நின்றாள்.

சும்மா நின்றாள். அவளுக்கு முன்னால் வெயில், புல், ஓடுகிற கோழி, கொஞ்சம் தள்ளி அம்மா. ஒரு கால் எடுத்து வைத்தால் எல்லாம் அவளுடையது. அவளோ, நகரத்து மாடியில் நிற்பதுபோல, கட்டைவிரல் இரண்டும் படியின் விளிம்பைத் தொட, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியாது. யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லையே, எப்படிப் போவாள்?

"என்னடா கண்ணு, வெளிய போகலையா?"

"கீழ போகணும்ப்பா," என்றாள் வாண்டு.

"இதான்டா கீழ."

அவள் அண்ணாந்து அவனைப் பார்த்தாள். அப்பாவுக்கே சட்டம் மறந்துவிட்டதா என்று ஒரு பார்வை.

"நீ பாக்கவே இல்ல. பாத்துட்டுச் சொல்லு. வந்தாச்சா?"

குழாயடியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

லிஃப்டுக்காரன் மகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். பொய்யாக அந்த வார்த்தையை அவன் சொன்னதே இல்லை, இன்றைக்கும் சொல்ல முடியாது. அதனால் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தொழிலில் குனிவதுபோலவே குனிந்து, முறைப்படி எட்டிப் பார்த்தான். காலடியில் மண். பள்ளம் கிள்ளம் எதுவுமில்லை, தொங்குகிற எதுவுமில்லை, கெட்டியான மண். நிமிர்ந்தபோது, ஈரக் கையோடு அவள் திரும்பி நின்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்தாச்சு," என்றான்.

வாண்டு வலது காலை எடுத்து வைத்தாள். பிறகு இடது கால். பிறகு நின்ற இடத்திலேயே ஒரு குதி குதித்துவிட்டு, தலையைச் சாய்த்துக் கீழேயிருந்து ஏதாவது சத்தம் வருகிறதா என்று கேட்டாள். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை, பலம்கொண்ட மட்டும் குதித்தாள்.

"என்ன சொன்னீங்க?" என்றாள் அவன் மனைவி. 

"ஏன், காது கேக்கலையா? வந்தாச்சுன்னு சொன்னேன்."

"கொழந்தைகிட்ட சொன்னீங்களா, எங்கிட்ட சொன்னீங்களா?"

"எல்லாருக்கும்தான்."

அழ மாட்டேன் என்று சொல்லியிருந்தாள், அந்த ஒரு வாக்கை மட்டும் அவளால் காப்பாற்ற முடியவில்லை. ஈரக் கையால் முகத்தைத் துடைக்கப்போய் முகமெல்லாம் ஈரமாயிற்று. "போச்சுடா, என் தொழில் போச்சு" என்று உள்ளேயிருந்து மச்சான் தலையில் அடித்துக்கொள்வது கேட்டது. உதவியாளர் மட்டும் ஒன்றும் புரியாமல், பூட்டைத் தூக்கிக் காட்டி, "பூட்டிடவா சார்?" என்று கேட்டார்.

"அது கெடக்கட்டும்," என்றார் டாக்டரம்மா வீட்டுக்காரர். "அந்தத் தண்ணி மோட்டார் யாரோடது?"